பன்னிரண்டாம் பக்கத்தில் நான் சொல்லாமல் விட்டது

ஜெபா,

நீ வீட்டை விட்டுப் போய் இன்றோடு நாற்பத்தொரு நாள். என் எண்ணிலிருந்து உனக்கு அழைப்பு போவதில்லை. முதல் மணியிலேயே அறுந்துவிடுகிறது. அனுப்பிய மெயில்களை நீ திறந்தாயா இல்லையா என்று கண்டுபிடிக்கும் வித்தை எனக்குத் தெரியாது. அதனால்தான் செகந்தராபாத் தமிழர்கள் படிக்கும் இந்தச் சின்ன மாத இதழில் எழுதுகிறேன். இதன் ஆசிரியர் என் பழைய நண்பர். "சொந்த விஷயத்தை எதுக்கு ஊரு படிக்கக் குடுக்கீரு?" என்று கேட்டார். என் மகனை ஊர் பார்க்கத்தானே அவமானப்படுத்தினேன், மன்னிப்பை மட்டும் வீட்டுக்குள் ஒளித்து வைத்துக் கேட்க முடியுமா என்றேன். அவர் நான்கு பக்கம் ஒதுக்கிவிட்டார். நீ இந்த இதழைப் படிப்பவன் இல்லை. தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய். ஆனால் போலாரத்திலோ திருமுல்கேரியிலோ உன்னோடு படித்தவன் எவனுடைய அம்மாவாவது இதைப் படித்து, மகனிடம் சொல்லி, அவன் உனக்குச் சொல்லக்கூடும். எனக்கு மிச்சமிருக்கும் வழி இது ஒன்றுதான்.

நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். ஆனால் உனக்கு முன்னால் இதைப் படிக்கப்போகிறவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்காகவும் சேர்த்தே சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

நான் போலாரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியாராக இருந்தேன். வீடு லோத்குண்டாவில், அங்கிருந்து தினமும் பஸ். ராணுவ நிலத்துச் சுவரை ஒட்டி எருமைகள் ரோட்டைக் கடக்கும்போது பஸ் நிற்கும், யாரும் ஹார்ன் அடிக்க மாட்டார்கள், அடித்தும் பயனில்லை. அப்படி நின்ற ஒரு காலையில் ஒரு எருமைக் கன்றின் முதுகில் ஒரு கொக்கு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். கன்று ஓடினால் அதுவும் சேர்ந்து குலுங்கும், பறந்து போகாது. அதைக் கையிலிருந்த பரீட்சைத் தாளின் பின்பக்கத்தில் வரைந்தேன். கன்றுக்குப் பூசணி என்றும் கொக்குக்குச் சுண்ணாம்பு என்றும் பெயர் வைத்தது உன் அம்மா. பள்ளிக் கண்காட்சியில் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, சின்னதாக ஒரு அனிமேஷன் ஸ்டுடியோ வைத்திருந்த ராவ் என்னைத் தேடி வந்தார். அப்படித்தான் முதல் படம் வந்தது. கதை நான், படங்களும் நான். தமிழில் பூசணிக்குக் குரல் உன் அம்மா. அப்போது உனக்கு ஒன்பது வயது. படம் முடிவதற்கு முன்னால் ராவ் உன்னை உட்கார வைத்துத்தான் போட்டுப் பார்த்தார். பூசணி சேற்றில் மாட்டிக்கொள்ளும் இடத்தில் நீ நாற்காலி மேல் ஏறி நின்றுவிட்டாய். "இந்த இடத்துல யாரும் கை வைக்காதீங்க" என்று ராவ் எல்லோரிடமும் சொன்னார். கோடை விடுமுறைதோறும் டிவியில் அதைப் போட்டார்கள். இரண்டாவது படம் வந்தது. மூன்றாவதும் வந்தது.

மூன்றாவது படத்தின் முடிவில் கொக்குக் கூட்டம் ஊரை விட்டுப் புறப்படும். சுண்ணாம்பு, "வெயில் தணிஞ்சதும் வந்துருவேன்" என்று பூசணியிடம் சொல்லிவிட்டு அவற்றோடு பறந்துபோகும். வெயில் தணியும், மழை வரும், குளம் நிறையும். சுண்ணாம்பு வராது. பூசணி வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதோடு படம் முடியும். அப்போது உனக்குப் பதினாலு. ஷோ முடிந்து இரண்டு நாள் நீ என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பிடும்போது, "அது திரும்பி வருமா டாடி?" என்றாய். "வராதுடே" என்றேன். "ஏன் வராது?" என்றாய். "கதை முடிஞ்சிட்டு" என்று சொல்லிவிட்டு எழுந்து கை கழுவப் போய்விட்டேன். பதினாலு வயதுப் பையன் கேட்டது சரியான கேள்வி. அதற்கு என்னிடம் பதில் இல்லை. இல்லை என்று ஒப்புக்கொள்ளாமல் தப்பித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு பத்தொன்பது வருடம். நீ அனிமேஷன் படித்தாய், வேலைக்குப் போனாய். எந்தெந்த நாட்டுப் படங்களுக்கோ தண்ணீரும் மயிரும் புல்லும் அசைய வைத்தாய். ஒரு கரடியின் காதுக்குள் இருக்கும் மயிரை மட்டும் நான்கு மாதம் செய்ததாக ஒருமுறை சொல்லிச் சிரித்தாய். பெரிய ஸ்டுடியோக்கள் ஆட்களைக் குறைத்தபோது உன்னையும் அனுப்பினார்கள். நீ வீட்டுக்குத் திரும்பி வந்தாய். அந்த வருடம்தான் ராவ் கூப்பிட்டார். அன்று சிறுவர்களாக இருந்தவர்கள் இப்போது பெற்றோர் ஆகிவிட்டார்கள், பூசணியை மறுபடி கொண்டுவரலாம், தியேட்டரிலேயே போடலாம் என்று அவருக்கு ஒரு எண்ணம். அவர் கூப்பிட்டது உன்னை. என்னை இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னாய். "டாடி, நாலாவது பாகம். நான்தான் டைரக்ட் பண்றேன். கதையும் நானே எழுதறேன்." சந்தோஷம் என்றேன். உன் அம்மாவிடம் ரசம் கேட்டேன். "நீங்களும் கூட உக்காருங்க டாடி" என்று நீ சொல்வாய் எனக் காத்திருந்தேன். ரசம் முடிந்தது, மோர் முடிந்தது. நீ சொல்லவில்லை. இப்போது யோசித்தால், நீ அதைச் சொல்லப் பயந்திருப்பாய் என்று தோன்றுகிறது. அப்பா கையில் போனால் அது அப்பாவின் நான்காவது படமாகிவிடும், தன் முதல் படமாக இருக்காது என்று நீ நினைத்திருந்தால் அது நியாயம்தானே. அன்று எனக்கு அந்த நியாயம் தெரியவில்லை. என் பிள்ளையை என் பிள்ளையே எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்றுதான் தோன்றியது.

மூன்று மாதம் கழித்து ஸ்கிரிப்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாய். "படிச்சிட்டு சொல்லுங்க டாடி. நல்லா இருக்குன்னு சொல்றதுக்கு ஆள் இருக்காங்க. எது சரியில்லையோ அதைச் சொல்லுங்க" என்றாய். ஒரே மூச்சில் படித்தேன். பன்னிரண்டாம் பக்கத்தில் சுண்ணாம்பு திரும்பி வருகிறது. பூசணி இப்போது பெரிய எருமை, அதற்கே ஒரு கன்று இருக்கிறது. கொக்கு வந்து முதுகில் இறங்குகிறது, "என்ன, கனம் ஏறிட்டு!" என்று பழைய பாணியில் கேலி பேசுகிறது, பூசணி சிரிக்கிறது, பாட்டு ஆரம்பிக்கிறது. அவ்வளவுதான். இத்தனை வருடம் ஏன் வரவில்லை என்று பூசணி கேட்கவே இல்லை. அந்த இடத்தில் பென்சிலை வைத்தேன். மூன்றாவது படத்தில் வானத்தைப் பார்த்து நின்ற பிராணி இப்படிச் சிரித்து வரவேற்குமா? அது கேட்காவிட்டால் இதற்குப் பிறகு வரும் எண்பது பக்கமும் பொம்மை விளையாட்டுத்தான். இது எனக்கு அந்த நிமிடமே தெரிந்தது. ஓரத்தில் ஒரு சின்னக் கேள்விக்குறி போட்டேன். பிறகு ரப்பரை எடுத்து அழித்தேன்.

ஏன் அழித்தேன் என்பதைத்தான் இந்தக் கடிதத்தில் நான் சொல்லியாக வேண்டும். உன் மனம் நோகக் கூடாது என்று அழித்ததாக, நீ போன பிறகும் இருபது நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். என்னைக் கேட்காமல் எழுதினாயே, நீயே பட்டுத் தெரிந்துகொள் என்றுதான் அழித்தேன். படம் தோற்க வேண்டும் என்று ஜெபம் செய்யவில்லை, அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனால் அது கொஞ்சம் தடுமாறினால், ராவ் ஒருநாள் வந்து "மாஸ்டர், நீங்க இல்லாம இது சரியா வரலை" என்று சொன்னால் நன்றாக இருக்கும் என்று என் மனதுக்குள் ஒருவன் ஆசைப்பட்டான். அவனுக்கு அறுபத்தைந்து வயது, சர்ச்சில் எல்லோரும் எழுந்து வணக்கம் சொல்லும் மனிதன். மறுநாள் காலை நீ கேட்டாய். "நல்லா இருக்கு" என்றேன். நீ போகவில்லை. வாசலிலேயே நின்று, "நிஜமாவா டாடி? எதுவுமே இல்லையா?" என்றாய். "ஹவ், நிஜமாத்தான். போய் வேலையைப் பாரு" என்றேன். உன் முகம் அப்போது எவ்வளவு மலர்ந்தது. அதைப் பார்த்தும் நான் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு வருடம் நீ உழைத்ததை நான் பார்த்தேன். உன் அம்மாவையே மறுபடி பூசணிக்குப் பேச வைத்தாய். அறுபது வயதில் அவள் குரல் தடித்திருந்தது, பெரிய எருமைக்கு அது பொருத்தம் என்றாய். அவள் கட்டிலறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு போர்வையைத் தலையில் போட்டுப் பேசிப் பழகினாள். வெளியே வரும்போது வியர்வையில் நனைந்து பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி சிரிப்பாள். "நீங்களும் வந்து கேளுங்களேன்" என்பாள். எனக்கு வேலை இருக்கிறது என்பேன். ரிட்டயர் ஆனவனுக்கு என்ன வேலை.

படம் வந்த அன்று பகல் காட்சிக்கு மூவரும் போனோம். தியேட்டர் பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. முப்பது வயதுக்காரர்கள்தான் அதிகம், சிலர் கைக்குழந்தையோடு வந்திருந்தார்கள். திரையில் கொக்கு வந்து இறங்கியபோது அவ்வளவு பேரும் கத்தினார்கள், விசிலடித்தார்கள். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். அந்தச் சத்தம் ஒரு நிமிடம் இருந்தது. பிறகு மெல்ல அடங்கியது. நான் பயந்த மாதிரியே, எதிர்பார்த்த மாதிரியே அடங்கியது. பழைய வேடிக்கைப் பேச்சு இரண்டாம் முறை வந்தபோது கொஞ்சம் பேர் சிரித்தார்கள், நான்காம் முறை யாரும் சிரிக்கவில்லை. நிலத்தை வளைத்து வீடு கட்ட வரும் அந்த வில்லனைச் சிறு பிள்ளைகளுக்குப் புரியவில்லை, அவர்கள் இருக்கைகளுக்கு நடுவே ஓட ஆரம்பித்தார்கள். பெரியவர்கள் போனை எடுத்தார்கள். குளத்தில் மழை விழும் அந்த இடம் மட்டும் எல்லோரையும் மறுபடி நிமிர வைத்தது. வெளியே வரும்போது ஒரு பெண் தன் கணவனிடம், "பழைய படத்தையே வீட்ல போட்டுக் காட்டியிருக்கலாம்" என்று சொல்லிக்கொண்டு போனாள். உனக்கும் அது கேட்டது. காருக்குப் போகும் வழியில், "ஓடுமா டாடி?" என்றாய். "பாக்கலாம்" என்றேன். இரண்டாம் வாரம் காலைக் காட்சி மட்டும் இருந்தது. உன்னிடம் சொல்லாமல் நான் ஒருமுறை தனியாகப் போனேன். என்னையும் சேர்த்து ஒன்பது பேர்.

அந்த வாரம்தான் அந்தப் பெண் வீட்டுக்கு வந்தாள். யூடியூபில் சினிமா பற்றிப் பேசும் சேனல் நடத்துகிறவள், இருபத்தைந்து வயது இருக்கும். பூசணியைப் படைத்தவரைப் பேட்டி எடுக்க வேண்டும் என்றாள். இத்தனை வருடத்தில் என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. தேய்த்த சட்டை போட்டுக்கொண்டேன், தலைக்குக் கொஞ்சம் எண்ணெயும் தடவிக்கொண்டேன். பரீட்சைத் தாள் கதையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன், அவள் ரசித்துக் கேட்டாள். கடைசியில், "நாலாவது பாகம் ஜெயிச்சிருக்கா சார்?" என்றாள். உன் முகம் எனக்கு ஞாபகம் வந்தது. வந்தும் சொன்னேன். "மூணோட நிறுத்தியிருக்கணும். கதை எங்க முடியணும்னு தெரியாதவங்க கையில போயிட்டா இப்படித்தான் ஆகும்." அவள் போகும்போது என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

மறுநாள் காலை நீ சாப்பாட்டு மேசையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். தட்டில் இட்லி ஆறிப்போயிருந்தது. படைத்தவரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்று பெரிய எழுத்தில் தலைப்பு போட்டிருந்தார்கள். அதுவரை படத்தைச் சும்மா விட்டவர்களும் அதன் கீழே வந்து கேலி எழுதிக்கொண்டிருந்தார்கள். நீ கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இப்போதும் தாங்கவில்லை.

"பரவால்ல டாடி" என்றாய். "மனசுல பட்டதைச் சொல்லிட்டீங்க. படம் சரியா வரலைன்னு எனக்கும் தெரியுது. எங்க விட்டேன்னுதான் தெரியல. திரும்பத் திரும்பப் பாக்கறேன், புடிபட மாட்டேங்குது. உங்களுக்குத் தெரியுதா?"

கேட்டதும் எனக்குள் இருந்த வாத்தியாருக்குக் குளிர்ந்துவிட்டது. கடைசியில் என்னிடம் கேட்டுவிட்டானே. "பன்னிரண்டாம் பக்கம்டே" என்றேன். "கொக்கு திரும்பி வர்ற இடம். இத்தனை வருசம் எங்க போனேன்னு பூசணி ஒரு வார்த்தை கேக்கல. அங்கயே கை விட்டுப் போயிட்டு."

நீ போனைக் கீழே வைத்தாய். "பக்கமா?" என்றாய். எனக்கு முதலில் புரியவில்லை. "படத்துல பக்கம் கிடையாது டாடி. ஸ்கிரிப்ட்லதான் பக்கம் இருக்கு."

உன் அம்மா அடுப்பை அணைத்தாள்.

"அப்ப அன்னைக்கே உங்களுக்குத் தெரியும். ரெண்டு தடவ கேட்டேன். வாசல்ல நின்னு கேட்டேன். கைக்கு டாடி? ஏன் சொல்லல?"

"உன் படம், உன் இஷ்டம்னு விட்டுட்டேன்" என்றேன். அப்போதுகூட உண்மையைச் சொல்லவில்லை. நீ என்னை ஒருமுறை நன்றாகப் பார்த்தாய், யாரோ தெரியாத ஆளைப் பார்ப்பதைப் போல. பிறகு அறைக்குள் போனாய். ஒரு மணி நேரத்தில் பையோடு வெளியே வந்தாய். உன் அம்மா டப்பாவில் எதையோ போட்டுக் கொடுக்க ஓடி வந்தாள். "நக்கோ மம்மி" என்று டப்பாவை வாங்க மறுத்து அவள் தலையில் முத்தம் கொடுத்தாய். ஆட்டோ திரும்பும்வரை அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் நாற்காலியை விட்டு எழவில்லை. சாயங்காலம் வந்துவிடுவான் என்றுதான் நினைத்தேன்.

போய்ச் சேர்ந்ததாக உன் அம்மாவுக்கு ஒரு செய்தி அனுப்பினாய். எங்கே என்று போடவில்லை. அதற்குப் பிறகு அவளுக்கும் ஒன்றுமில்லை, அவள் அழைத்தாலும் நீ எடுப்பதில்லை. அவள் எனக்குச் சமைத்து வைக்கிறாள், பேசுவதில்லை. முதல் வாரம் ஒரே ஒருமுறை பேசினாள். "என் குரலும் அதுலதான இருக்கு. அது ஒங்களுக்குத் தெரியும்லா?" என்றாள். நான் மழுப்பினேன். "அவன் ஒங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான கேட்டான், எது சரியில்லன்னு. அதச் சொல்ல வாய் வரல. ஊருக்குச் சொல்ல மட்டும் வந்துட்டோ?" என்றாள். இதற்கு மேல் ஒரு மனிதனைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது.

நான் உன்னைத் தேடாத இடமில்லை ஜெபா. நீ முன்பு வேலை பார்த்த இடத்தின் வாசலில் போய் நின்றேன், காவலாளி உள்ளே விடவில்லை. திருமுல்கேரியில் நீ நண்பர்களோடு வாடகைக்கு இருந்த வீட்டில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். போலீசில் சொன்னேன், முப்பத்துமூன்று வயது ஆள் தானாகப் போயிருக்கிறார், நாங்கள் என்ன செய்ய முடியும் சார் என்றார்கள். ராவ் என் போனை எடுக்கவில்லை. இம்ரான் மட்டும் எடுத்தான். ஆம்பூரிலிருந்து அவன் தாத்தா காலத்திலேயே வந்து போலாரத்தில் குடியேறிய குடும்பம். உன்னோடு படித்தவன், உன் படத்தில் உனக்கு வலது கையாக இருந்தவன். வீட்டுக்கு வரலாமா என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கி, "ஆவோ அங்கிள்" என்று வரச் சொன்னான்.

டீ கொடுத்தான். நீ எங்கே இருக்கிறாய் என்று கேட்டதற்கு, "சத்தியமா தெரியாது அங்கிள். தெரிஞ்சாலும் அவனைக் கேக்காம சொல்ல மாட்டேன்" என்றான். நீ வரையும் டேப்லெட்டை அவனிடம் கொடுத்துவிட்டுப் போனதாகச் சொன்னான். இனி வரையப் போவதில்லை, வைத்துக்கொள் என்றாயாம். அதைச் சொல்லும்போது அவன் என்னைப் பார்க்கவில்லை. கிளம்பலாம் என்று நான் எழுந்தபோதுதான், "ஒரு நிமிஷம், ஒண்ணு காட்டறேன்" என்று கம்ப்யூட்டரைத் திறந்தான்.

அது இரண்டு நிமிடக் காட்சி. வண்ணம் இல்லை, வெறும் கோடு. கொக்கு வந்து பூசணியின் முதுகில் இறங்குகிறது. பூசணி ஒரு அடி முன்னால் நகர்கிறது, கொக்கு வழுக்கித் தரையில் விழுகிறது. மறுபடி ஏறப் பார்க்கிறது. பூசணி மறுபடி ஒரு அடி நகர்கிறது. பேச்சு இல்லை, இசை இல்லை. மூன்றாம் முறை கொக்கு ஏறவில்லை. பூசணிக்குப் பக்கத்தில், அதன் கால் குளம்பருகே, சேற்றிலேயே நின்றுகொள்கிறது. வெகு நேரம் இரண்டும் அப்படியே நிற்கின்றன. பிறகு பூசணி மெதுவாகக் கால்களை மடக்கிப் படுக்கிறது, வயதாகிக் களைத்துப்போன கொக்கு ஏறிக்கொள்வதற்காக. அவ்வளவுதான்.

"இது எப்ப வரைஞ்சது?" என்றேன்.

"படம் தொடங்கி ரெண்டு மாசத்துல அங்கிள். அந்த இடத்துல என்னமோ இடிக்குதுன்னு நாங்க எல்லாரும் சொன்னோம். அவனுக்கும் தோணிச்சு. ஒரே வாரத்துல இதை வரைஞ்சு கொண்டு வந்தான். நாங்க எல்லாம் அழுதுட்டோம். வெச்சிக்கலாம்னோம். அப்புறம் அவனே எடுத்துட்டான்."

"ஏன்?"

இம்ரான் கம்ப்யூட்டரை மூடினான். "டாடி ஸ்கிரிப்டைப் படிச்சிட்டார், நல்லா இருக்குன்னுட்டார்னான். பூசணி அவரோடது, அவருக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சிடும், எழுதின மாதிரியே போகட்டும்னான்."

நான் அவன் வீட்டிலிருந்து எப்படி பஸ் ஏறினேன் என்று தெரியாது. லோத்குண்டாவில் இறங்காமல் கடைசிவரை போய்விட்டேன், கண்டக்டர் வந்து எழுப்பினார். நான் தூங்கவில்லை.

நீ என்னிடம் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். உன் படம் ஜெயிக்கவில்லை. இதில் நான் பொய் சொன்னால் உனக்கு உடனே தெரிந்துவிடும், என் பொய்யால் நீ பட்டது போதும். ரொம்ப நாள் கழித்து வரும் நான்காம் பாகம் பழைய பேச்சைப் பேசிக் காட்டினால் போதாது, இடையில் போன வருடங்களுக்கு அது பதில் சொல்ல வேண்டும். திரைக்கு வந்த படம் சொல்லவில்லை. ஆனால் நீ சொல்லியிருந்தாய். நீ வரைந்து வைத்திருந்தாய். நான் மூன்று படத்தில் செய்ததெல்லாம் அந்த இரண்டு நிமிடத்துக்கு ஈடாகாது. மூன்றாவதை முடிக்கத் தெரியாமல்தான் நான் கொக்கைப் பறக்கவிட்டேன். ஜனங்கள் அதைப் பெரிய முடிவு என்றார்கள், நானும் ஒத்துக்கொண்டேன். நீ பதினாலு வயதில் கேட்ட ஏன் என்பதற்கு நீயே பதில் கண்டுபிடித்து வைத்திருந்தாய், என் ஒரு வார்த்தைக்காக அதைத் தூக்கி எறிந்துவிட்டாய். கதை எங்கே முடிய வேண்டும் என்று தெரியாதவன் நான்தான். அதை உன் தலையில் போட்டு ஊருக்குச் சொன்னேன்.

அந்த யூடியூப் பெண்ணைக் கூப்பிட்டு இதையெல்லாம் சொல்ல வேண்டும் என்றேன். வந்து படம் பிடித்தாள். "இதை அவ்வளவா பாக்க மாட்டாங்க சார்" என்று முதலிலேயே சொன்னாள். அப்படியேதான் ஆயிற்று. திட்டினதைப் பார்த்தவர்களில் நூற்றில் ஒருவர்கூடத் திருத்தினதைப் பார்த்திருக்க மாட்டார்கள். நீ பார்த்தாயா என்றும் தெரியாது.

மகனுக்கு எழுதும் கடிதத்தில் தகப்பன் ஏதாவது புத்தி சொல்ல வேண்டும். என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. இனி வரைவதை என்னிடம் காட்டாதே. நான் நல்லா இருக்கு என்றாலும் கேட்காதே, இல்லை என்றாலும் கேட்காதே. உன் கை அந்த இரண்டு நிமிடத்தை வரைந்தபோது எதை நம்பியதோ அதை மட்டும் நம்பு. ஆனால் வரையாமல் இருந்துவிடாதே ஜெபா. என் மேல் இருக்கும் கோபத்தில் உன் கையை நீ வெட்டிக்கொள்ளாதே. டேப்லெட் இம்ரானிடம் பத்திரமாக இருக்கிறது, அவன் அதைத் தொடவில்லை.

உன் அம்மா நாளுக்கு நாள் இளைத்துப் போகிறாள். நேற்று மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். டாக்டரிடம் வா என்றால் வரமாட்டேன் என்று தலையாட்டுகிறாள். அவளுக்கு என்ன வேண்டும் என்று டாக்டர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். பாளையங்கோட்டையில் சித்தப்பா வீட்டு மாடி அறை காலியாக இருக்கிறது. அங்கே போய்விடுகிறேன். வரும் வியாழக்கிழமை ரயில். திரும்பி வர டிக்கெட் எடுக்கவில்லை. உன் அம்மாவிடம் சொன்னபோது அவள் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. என் சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள். "அவன் வந்தா சொல்லி அனுப்புதேன்" என்றாள். நாற்பது நாளில் அவள் என்னிடம் சாதாரணமாகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

உன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை என்பதை எழுத மாட்டேன். அதைக் கேட்கும் யோக்கியதை எனக்கில்லை. வியாழக்கிழமைக்குப் பிறகு இந்த வீட்டில் உன் அம்மா மட்டும்தான் இருப்பாள். நீ எந்த ஊரில் இருந்தாலும் சரி, எந்த நேரம் வந்தாலும் சரி, அவள் கதவைத் திறப்பாள். என்னைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டாள், அதற்கு அவளிடம் வாக்கு வாங்கியிருக்கிறேன்.

நான் இல்லாத வீட்டுக்காவது வா, ஐயா.

டாடி